புதுச்சேரி விடுதியில் இரைச்சல் இல்லாத அறை பெறுவது எப்படி?

புதுச்சேரியில் சனி, ஞாயிறு கூட்டத்தைத் தவிர்த்து வார நாள்களில் தங்கினாலே பாதி இரைச்சல் குறைந்துவிடும். மறைமலை அடிகள் சாலையில் பேருந்து நிலையத்தை ஒட்டிய விடுதிகளில் விடியுமுன்பே ஏர்ஹாரன் எழுப்பிவிடும் என்பதால், மாலை முதல் காலை வரை வாகனங்களுக்குத் தடையுள்ள கடற்கரைச் சாலையின் பின்புறத் தெருக்களைத் தேடுவது நல்லது, வாடகை கூடுதல்தான். முன்பதிவின்போதே தொலைபேசியில் அழைத்து, லிஃப்ட், ஜெனரேட்டர், மொட்டைமாடி உணவகம் ஆகியவற்றுக்கு அருகில் இல்லாத, தெருவைப் பார்க்காத அறையைக் கேளுங்கள். பழைய பிரெஞ்சு வீடுகளில் முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் அழகானவை. ஆனால், முற்றத்தில் ஒருவர் தும்மினாலும் உள்ளே கேட்கும். பெட்டியைப் பிரிக்குமுன் ஏசியை ஓடவிட்டு, அதன் வெளி யூனிட் சன்னலுக்கு அடியிலேயே உறுமுகிறதா என்று கவனியுங்கள். கதவின் கீழ் இடைவெளியில் துண்டைச் சுருட்டி வைத்தால் நடைவழிப் பேச்சு ஓரளவு அடங்கும்.