பச்சைப்பயறு விதைக்குக் குளிர் பிளாஸ்மா நேர்த்தி: முதன்முறை செய்வோருக்கான செய்முறை விளக்கம்

விதை நேர்த்தி என்றதும் பூஞ்சைக்கொல்லியும், ரைசோபியம் என்ற வேர்முடிச்சு பாக்டீரியாவும்தான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். மருந்து எதுவும் சேர்க்காமல், உயர் மின்னழுத்தத்தால் அயனியாக்கப்பட்ட காற்றைக் கொண்டே விதைத்தோலின் தன்மையை மாற்றுவது குளிர் பிளாஸ்மா நேர்த்தி. இதில் எலக்ட்ரான்கள் மட்டுமே மிகுந்த ஆற்றல் பெறுகின்றன. வாயு ஏறக்குறைய அறை வெப்பநிலையிலேயே இருப்பதால் விதை வெந்துவிடுவதில்லை. அப்போது உருவாகும் ஓசோன், நைட்ரஜன் ஆக்சைடுகள், ஹைட்ராக்சில் போன்றவை விதைத்தோலின் மெழுகுப் படலத்தை ஆக்சிஜனேற்றம் செய்வதால், நீரை விலக்கிய பரப்பு நீரை ஏற்கத் தொடங்குகிறது. மசூர்ப் பருப்பு, பீன்ஸ், கோதுமை ஆகியவற்றின் விதைகளில் இந்த மாற்றத்தையும், அதனால் முளைக்கும் வேகம் மாறுவதையும் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டனர். விதையின் மேற்பரப்பில் உள்ள பூஞ்சை வித்துகளும் ஓரளவு அழியும். உள்ளே புகுந்துவிட்ட நோய்க்கிருமியை இது பொதுவாக எட்டாது.

தொடங்குவோருக்கு ஏற்ற கருவி மின்காப்புத் தடுப்பு மின்னிறக்கக் கருவி ஆகும். ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஃபான் சீமென்ஸ் 1857-இல் ஓசோன் தயாரிக்கப் பயன்படுத்திய அதே அமைப்புதான் இது: இரண்டு மின்முனைகள், அவற்றில் ஒன்றையாவது மூடும் கண்ணாடி அல்லது பீங்கான் தகடு, இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி, அதன் குறுக்கே பல கிலோவோல்ட் மாறுமின்னழுத்தம். பழைய மின்மாற்றிகளைக் கொண்டு இதை வீட்டில் அமைக்க முயலவே கூடாது, உயிருக்கே ஆபத்து. கல்லூரி அல்லது ஆய்வு நிலைய ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர் உடனிருக்க, வெளியேற்று விசிறி ஓடும் இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். எட்டு மணி நேரப் பணியில் சுவாசிக்கும் காற்றில் ஓசோன் பத்து லட்சத்தில் 0.1 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு.

படி 1. ஒரே இரகம், ஒரே குவியல், மருந்து கலக்காத, உடையாத, சம அளவுள்ள விதைகளைத் தேர்ந்தெடுங்கள். ஈரப்பதம் 9 சதவீதத்தை ஒட்டி, எல்லா விதைகளுக்கும் ஒரே அளவில் இருக்கட்டும்.

படி 2. விதைகளை ஐந்து தொகுதிகளாகப் பிரியுங்கள்: நேர்த்தி செய்யாதது, 30 விநாடி, 1 நிமிடம், 2 நிமிடம், 4 நிமிடம். ஒவ்வொன்றிலும் நூறு நூறாக நான்கு பகுதிகள், அதாவது 400 விதைகள், படி 4-இன் நீர்த்துளிச் சோதனைக்குக் கூடுதலாகச் சில. நேர்த்தி செய்யாத தொகுதியையும் மின்சாரம் செலுத்தாமல் அதே கருவிக்குள் வைத்து எடுப்பது அவசியம். இந்த ஒப்பீட்டுத் தொகுதி இல்லாத சோதனையின் முடிவை நான் ஏற்பதில்லை. நல்ல விதை தானாகவே நன்றாக முளைக்கும், அந்தப் பெருமை பிளாஸ்மாவுக்குப் போய்விடும்.

படி 3. விதைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காகப் பரப்பி மின்சாரத்தைச் செலுத்துங்கள். இடைவெளி முழுவதும் ஊதா நிறத்தில் மெல்லிய இழைகள் பரவித் தோன்றினால் கருவி சரியாக இயங்குகிறது. ஒரே இடத்தில் தடித்த வெண்பொறி பாய்ந்தால் உடனே நிறுத்துங்கள். அது விதையைக் கருக்கிவிடும். பாதி நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்து, மின்முனைகளை நிலஇணைப்புக் கோலால் மின்னிறக்கம் செய்த பின்னரே விதைகளைப் புரட்டிப் போட வேண்டும். மின்னழுத்தம், அதிர்வெண், இடைவெளி, வாயு, நேரம் ஆகிய ஐந்தையும் குறித்து வையுங்கள். வேறு கருவியில் இதே நேரம் இதே பலனைத் தரும் என்று எதிர்பார்க்க இயலாது.

படி 4. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில விதைகளை எடுத்து, ஒவ்வொன்றின் மீதும் நுண்குழாயால் ஒரு சிறு நீர்த்துளியை வையுங்கள். நேர்த்தி செய்யாத விதையில் துளி முத்தாகத் திரண்டு நிற்கும். நேர்த்தி நடந்திருந்தால் தட்டையாகப் படர்ந்துவிடும். இந்தச் சோதனைக்கு எடுத்த விதைகளை முளைப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 5. எல்லாத் தொகுதிகளையும் ஒரே நாளில் ஈரமான முளைப்புத் தாளில் சுருட்டி, 25 டிகிரி செல்சியசில் வையுங்கள். பச்சைப்பயறுக்கு முதல் எண்ணிக்கை 5-ஆம் நாள், இறுதி எண்ணிக்கை 7-ஆம் நாள். இயல்பான நாற்று, குறையுள்ள நாற்று, கடின விதை, செத்த விதை என்று தனித்தனியே எண்ண வேண்டும். கடின விதை நீரே உறிஞ்சாமல் கல்லைப் போலவே கிடக்கும். செத்த விதை ஊறி, அழுத்தினால் நசுங்கும், பெரும்பாலும் பூசணமும் பிடித்திருக்கும். தோலில் நிகழும் மாற்றத்தால் கடின விதைகளின் எண்ணிக்கை குறையலாம். செத்த விதையை எந்த நேர்த்தியும் எழுப்பாது. முளைப்பு சதவீதத்தை நாற்றின் சராசரி நீளத்தால் பெருக்கினால் வீரியக் குறியீடு கிடைக்கும்.

படி 6. நேரம் கூடக்கூடப் பலனும் கூடும் என்று எண்ண வேண்டாம். குறைந்த அளவு தூண்டலாகவும், அதே நேர்த்தி மிகும்போது முளைவேரைப் பாதிப்பதாகவும் அமைவது வழக்கம். ஒப்பீட்டுத் தொகுதியே 95 சதவீதம் முளைத்திருந்தால் இறுதி எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு தெரியாது. 5-ஆம் நாள் எண்ணிக்கையைப் பாருங்கள்.

தாளில் முளைத்த வேகம் வயலில் மகசூலாக மாறும் என்பதற்கு உறுதி இல்லை என்பதால், சிறந்த நேரத்தைக் கண்டறிந்த பின் சிறு பாத்திகளில் நேர்த்தி செய்ததையும் செய்யாததையும் அருகருகே விதைத்துப் பார்க்க வேண்டும். ரைசோபியம் கலப்பதாக இருந்தால் பிளாஸ்மா நேர்த்தி முடிந்த பிறகே இரண்டு பாத்திகளின் விதைகளுக்கும் ஒரே அளவில் கலவுங்கள். முன்பே கலந்தால் அந்த நன்மை செய்யும் பாக்டீரியாவும் மின்னிறக்கத்தில் அழியும்.