ஜிபிஏ குறைவு, ஆசை இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்: உள்ளே நுழைவது எப்படி

ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் கல்லூரி மதிப்பெண் சராசரி, குறைவாக இருப்பவர்கள் பெரும்பாலும் இன்டர்வியூவில் தோற்பதில்லை, இன்டர்வியூ வரைக்கும் போவதே இல்லை. கோல்ட்மேன் சாக்ஸ், ஜேபி மார்கன், மார்கன் ஸ்டான்லி மாதிரி இன்வெஸ்ட்மென்ட் பேங்குகளில் (கம்பெனிகளை வாங்க, விற்க, நிதி திரட்ட உதவும் வங்கிகள்) வந்து குவியும் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படிக்க ஆள் கிடையாது. அதனால் அமெரிக்காவில் பொதுவாக 3.5 என்று ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே இருப்பதை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் வேலையையே ஆரம்பிப்பார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை, வங்கிக்கு வங்கி, கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இங்கிலாந்தில் அதே வேலையை 2:1 டிகிரி (இரண்டாம் வகுப்பின் மேல்நிலை) செய்கிறது. ஆக, இணையதளத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது உங்களுக்கான வழி இல்லை. ஒரு மனிதர் உங்கள் ரெஸ்யூமேயைக் கையில் எடுத்து, “இந்தப் பையனையும் கூப்பிடுங்கள்” என்று சொல்ல வேண்டும். இனி நீங்கள் செய்யப்போவதெல்லாம் அந்த ஒருவரைத் தேடிப் பிடிக்கும் வேலைதான்.

குறைவு என்றால் எவ்வளவு குறைவு என்பதும் முக்கியம். 3.3-க்கு மேல் இருந்தால் ரொம்பக் கவலைப்படாதீர்கள், அது கொஞ்சம் கூடுதலாக அலைய வேண்டிய நிலை, அவ்வளவுதான். 3.0-க்கும் 3.3-க்கும் நடுவே என்றால் பெரிய வங்கிகள் கடினம், சின்ன நிறுவனங்கள் நிச்சயம் முடியும். 3.0-க்குக் கீழே என்றால் படிப்பு முடிந்ததும் நேராக வங்கிக்குள் போவது அரிது. ஒரு படி வேறெங்காவது வைத்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும். அந்த வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

ரெஸ்யூமேயில் ஜிபிஏயைப் போடுவதா வேண்டாமா என்று எல்லோரும் கேட்பார்கள். 3.0-க்கு மேல் இருந்தால் போடுங்கள். போடாமல் விட்டால் படிப்பவர் உங்கள் உண்மையான எண்ணைவிட மோசமான ஒன்றைத்தான் மனதில் வைத்துக்கொள்வார். முக்கியப் பாடங்களில் மட்டும் தனியாக நல்ல சராசரி இருந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மொத்தம் 3.1, ஃபைனான்ஸ் பாடங்களில் 3.6 என்று இருந்தால் அதைப் பார்க்கிறவருக்கே பாதி விஷயம் புரிந்துவிடும். முதல் வருடம் விழுந்து பிறகு ஏறியிருந்தால் கடைசி நாலு செமஸ்டர் சராசரியைக் காட்டலாம். எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண் பிரமாதமாக இருந்தால் அதற்கும் ஒரு இடம் கொடுங்கள், சில வங்கிகள் அதைக் கேட்கவே செய்கின்றன.

ஆனால் பொய் மட்டும் வேண்டாம். 3.46-ஐ 3.5 என்று எழுதுவது சாதாரணமாக நடப்பதுதான், 3.38-ஐ 3.5 என்று எழுதுவது மோசடி. ஆஃபர் கொடுத்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும், டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல்) கேட்பார்கள், மாட்டினால் ஆஃபர் போய்விடும். சின்னத் தொழில் இது, பேச்சு பரவும்.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 60 கிரெடிட் (படிப்பில் பாதி) முடித்து 2.9-இல் நிற்கிறீர்கள் என்றால், மிச்சம் 60 கிரெடிட்டிலும் 3.7 எடுத்தால்தான் முடிவில் 3.3 வரும். முடியாதது இல்லை. சிக்கல் என்னவென்றால், மூன்றாம் வருடக் கோடைக்கான இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய வங்கிகள் இரண்டாம் வருடத்திலேயே ஆள் எடுக்க ஆரம்பித்துவிடுகின்றன, முழுநேர வேலைகளில் பெரும்பகுதி அந்த இன்டர்ன்களுக்கே போகிறது. நீங்கள் மதிப்பெண்ணைத் தூக்கி நிறுத்துவதற்குள் பந்தி முடிந்திருக்கும். அதனால் அந்த அட்டவணையையே துரத்தாமல், தாமதமாக ஆள் எடுப்பவர்களைத் தேடுங்கள்.

அது யார்? பத்து, இருபது பேர் மட்டும் இருக்கும் பூட்டிக் நிறுவனங்கள். சின்னச் சின்ன கம்பெனிகளை விற்றுக்கொடுப்பது, நிதி திரட்டிக்கொடுப்பது இவர்கள் வேலை. தனியாக எச்ஆர் படை கிடையாது, கோடும் கிடையாது, டீல் வந்தால் திடீரென்று ஆள் தேவைப்படும், மேனேஜிங் டைரக்டரே மடலைப் படிப்பார். பூட்டிக் என்றதும் எவர்கோர், சென்டர்வியூ, பிஜேடி பக்கம் போய்விடாதீர்கள். அவர்களும் பூட்டிக்தான், ஆனால் பெரிய வங்கிகளைவிடக் கறாராகவே மதிப்பெண் பார்ப்பார்கள். நான் சொல்வது பெயரே கேள்விப்படாத இடங்களை. செமஸ்டர் நடக்கும்போதே வாரத்தில் சில மணி நேரம் செய்யும் இன்டர்ன்ஷிப் இவர்களிடம்தான் கிடைக்கும்.

இப்போது மடல். கல்லூரியில் உங்களுக்கு முன்னால் படித்து இந்தத் துறையில் இருப்பவர்களை லிங்க்டுஇன்னில் தேடி எடுங்கள். நடுமட்டத்தில் இருக்கும் வைஸ் பிரெசிடென்ட்டுக்கும் அனுப்புங்கள், முதல் படியில் இருக்கும் அனலிஸ்ட்டுக்கும் அனுப்புங்கள்; அனலிஸ்ட் பதில் போட வாய்ப்பு அதிகம், ஆனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் மேலே இருப்பவருக்கு. மடல் நாலு வரிக்கு மேல் போகக் கூடாது. இப்படி:

“வணக்கம், நானும் நீங்கள் படித்த அதே கல்லூரியில் மூன்றாம் வருடம் ஃபைனான்ஸ் படிக்கிறேன். நீங்கள் அக்கவுன்டிங்கிலிருந்து ஹெல்த்கேர் குழுவுக்கு மாறியதைப் பார்த்தேன், நானும் அதே மாதிரி மாற நினைக்கிறேன். இந்த வாரமோ அடுத்த வாரமோ 15 நிமிடம் போனில் பேச முடியுமா? செவ்வாய், வியாழன் மாலை எனக்கு வசதி, உங்களுக்குத் தோதான நேரம் சொன்னாலும் சரி.”

அவ்வளவுதான். ஜிபிஏ பற்றி ஒரு வார்த்தை கூடாது, வேலை கேட்கவும் கூடாது, ரெஸ்யூமே இணைப்பது உங்கள் விருப்பம். பெரும்பாலான மடல்களுக்குப் பதில் வராது. ஒரு வாரம் கழித்து அதே மடலுக்குக் கீழே இரண்டு வரி போடுங்கள், பாதிப் பதில்கள் அதற்குத்தான் வருகிற மாதிரி இருக்கும். போனில் அவரைப் பேச விடுங்கள், அவர் செய்த டீலைப் பற்றிக் கேளுங்கள், முடிக்கும்போது “இன்னும் யாரிடம் பேசினால் நல்லது?” என்று ஒரு பெயர் வாங்கிக்கொள்ளுங்கள். யாரிடம் என்றைக்குப் பேசினீர்கள், என்ன சொன்னார் என்று ஒரு எக்செல் ஷீட்டில் குறித்து வையுங்கள். ஒரே ஆளை இரண்டாம் முறை புதிதாக அறிமுகப்படுத்திக்கொண்டு அழைப்பது போன்ற அசிங்கம் வேறில்லை.

இன்டர்வியூ வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 3.9 வைத்திருப்பவர் ஒரு கேள்வியில் தடுமாறினால் பதற்றம் என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் தடுமாறினால் மதிப்பெண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் டெக்னிக்கல் கேள்விகளில் உங்களுக்குச் சலுகை இல்லை. எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: தேய்மானச் செலவு 10 டாலர் கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன ஆகும்? வரி 25% என்று வைத்தால், வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், நிகர லாபம் 7.5 குறையும். கேஷ் ஃப்ளோவில் அந்த 7.5 குறைவோடு தொடங்கி, பணமாக வெளியே போகாத செலவு என்பதால் 10-ஐத் திரும்பக் கூட்டினால் கையிருப்பு 2.5 ஏறும். பேலன்ஸ் ஷீட்டில் பணம் 2.5 கூட, நிலையான சொத்து 10 குறைய, சொத்துப் பக்கம் மொத்தம் 7.5 இறங்கும், எதிர்ப்பக்கம் ரீட்டெய்ன்டு எர்னிங்ஸ் (சேர்த்து வைத்த லாபம்) அதே 7.5 இறங்கும். சமன். இதை ஒரே மூச்சில், பேப்பர் இல்லாமல் சொல்ல வர வேண்டும். வரி விகிதத்தை 40% என்று மாற்றிக் கேட்டாலும் நிற்கக் கூடாது. என்டர்பிரைஸ் வேல்யூவுக்கும் (கடனையும் சேர்த்த கம்பெனி மதிப்பு) ஈக்விட்டி வேல்யூவுக்கும் (பங்குதாரர்களுக்கு மட்டுமான மதிப்பு) உள்ள பாலம், டிசிஎஃப் (வருங்காலப் பண வரவை இன்றைய மதிப்பாக்கும் கணக்கு), ஒப்பீட்டு நிறுவனங்கள், பழைய டீல்களின் மல்டிபிள் (லாபத்தைப் போல் எத்தனை மடங்கு விலை), எல்பிஓவின் (பெரும்பாலும் கடன் வாங்கி ஒரு கம்பெனியை வாங்குவது) அடிப்படை, எல்லாம் இதே ஆழத்தில்.

“மதிப்பெண் ஏன் குறைவு?” கட்டாயம் வரும். முப்பது வினாடிக்கு மேல் பேசாதீர்கள். காரணம் ஒன்று, பொறுப்பு உங்களுடையது, அப்புறம் என்ன மாறியது. “முதல் வருடம் வாரம் 25 மணி நேரம் வேலை பார்த்தேன், நேரத்தைச் சரியாகக் கையாளவில்லை. வேலையைக் குறைத்த பிறகு கடைசி மூன்று செமஸ்டரும் 3.7.” நிறுத்துங்கள். பேராசிரியரைக் குறை சொல்வது, குடும்பக் கஷ்டத்தை நீட்டி முழக்குவது இரண்டும் எடுபடாது. காட்டுவதற்கு ஏற்றமே இல்லை என்றால், மதிப்பெண்ணுக்கு வெளியே ஒரு சான்று வேண்டும். அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ராவின் எஸ்ஐஇ என்ற அடிப்படைத் தேர்வை 18 வயது நிரம்பிய யாரும் நிறுவனத்தின் ஆதரவு இல்லாமலே எழுதலாம், 75 கேள்விகள், 70 எடுத்தால் தேர்ச்சி, நாலு வருடம் செல்லும். முதலீட்டுத் துறையின் தகுதித் தேர்வான சிஎஃப்ஏவின் முதல் நிலை அதைவிடக் கனமானது. இரண்டுமே வேலை வாங்கித் தராது, ஆனால் “இவனால் உட்கார்ந்து படிக்க முடியுமா” என்ற சந்தேகத்தைக் குறைக்கும்.

எதுவும் நடக்காமல் பட்டம் முடிந்துவிட்டால்? ஃபைனான்ஸில் ஒரு வருட மாஸ்டர்ஸ் சேர்ந்தால் புதிய ஜிபிஏ, புதிய வளாகத் தேர்வு. ஆனால் கடன் வாங்கிச் சேர்வதற்கு முன்னால் அந்தப் படிப்பிலிருந்து போன வருடம் யார் எந்த வங்கிக்குப் போனார்கள் என்று பெயர் பெயராகப் பாருங்கள், கல்லூரியின் பளபளப்பான கையேட்டை நம்பாதீர்கள். எம்பிஏ இன்னொரு வழி, அது நாலைந்து வருட வேலை அனுபவத்துக்குப் பிறகு. வார்ட்டன், கொலம்பியா, ஸ்டெர்ன் மாதிரி இடங்களிலிருந்து அசோசியேட்டாக (அனலிஸ்ட்டுக்கு அடுத்த படி) எடுக்கும்போது பழைய டிகிரி மதிப்பெண்ணை அவ்வளவாகத் தோண்ட மாட்டார்கள். ஆனால் அங்கே சேரவே பொதுவாக ஜிமேட் அல்லது ஜிஆர்இ நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி இவை எதுவும் இல்லை, லேட்டரல்தான், அதாவது வேறொரு வேலையில் இருந்துவிட்டுப் பக்கவாட்டில் உள்ளே வருவது. டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி மாதிரி தணிக்கை நிறுவனங்களின் டீல் ஆலோசனைக் குழு, கம்பெனிகளை மதிப்பிடும் வேல்யுவேஷன் நிறுவனம், கார்ப்பரேட் பேங்கிங், இல்லாவிட்டால் மேலே சொன்ன சின்ன பூட்டிக், எதிலாவது ஒன்றில் சேர்ந்து ஒன்றரை வருடம் உருப்படியாக வேலை பாருங்கள். வங்கிகளில் அனலிஸ்ட்கள் போனஸ் கைக்கு வந்ததும் கம்பெனிகளை வாங்கி விற்கும் பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்களுக்கு ஓடுவது வழக்கம். அப்போது காலியாகும் நாற்காலியில் உட்கார, நாளைக்கே எக்செல்லில் நிதி மாடல் போடத் தெரிந்த ஆள் தேவை, பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமில்லை. நீங்கள் செய்த டீல்களை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: என்ன துறை, எவ்வளவு மதிப்பு, அதில் நீங்கள் கையால் செய்தது என்ன. ரகசியமாக வைக்க வேண்டிய நிறுவனப் பெயர்களை எடுத்துவிடுங்கள். வங்கிகளுக்கு ஆள் தேடித் தரும் ஹெட்ஹன்டர் ஜிபிஏ கேட்டால் எண்ணை அப்படியே சொல்லுங்கள், ஆனால் அவர் கேட்பதற்கு முன்பே அந்த டீல் பக்கம் அவர் கையில் இருக்கட்டும்.