நமீபியா லாரிப் பயணம்: வாசலுக்கு உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா?

தலைநகர் வின்ட்ஹூக்கில் இருக்கை பொருத்திய பெரிய லாரியில் ஏறி, நமீப் பாலைவனம், அட்லாண்டிக் கரை, டமாராலாண்ட், எடோஷா வனவிலங்குப் பூங்கா என்று சுற்றிவிட்டு மறுபடி வின்ட்ஹூக்கிலேயே இறங்கும் வழிகாட்டியுடனான தரைவழிப் பயணத்தைப் பல நிறுவனங்கள் நடத்துகின்றன. எந்த நிறுவனத்தில் போனாலும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். விளம்பரப் படங்களும் ஒன்றுபோலவே இருக்கும். விலை மட்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று குழம்புகிறவர்கள், ராத்திரி கூடாரம் எங்கே அடிக்கப்படுகிறது என்று முதலில் பாருங்கள். நமீப் மணற்குன்றுகளுக்குப் போகும் வாசலான செஸ்ரீமிலும் எடோஷாவிலும் பூங்கா வாசலுக்கு உள்ளே தங்கும் பயணமும் வெளியே தங்கும் பயணமும் ஒன்றல்ல.

செஸ்ரீமில் இரண்டு வாசல்கள் உண்டு. வெளிவாசல் சூரியன் உதிக்கும்போதுதான் திறக்கும். இரண்டு வாசலுக்கும் நடுவில் தங்கியிருப்பவர்களுக்கு உள்வாசலை உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்துவிடுவார்கள். அங்கிருந்து மணற்குன்றுகள் சூழ்ந்த சோசுஸ்வ்லேய் வாகன நிறுத்தம் 60 கிலோமீட்டர் தார்ச்சாலை, அதற்குப் பிறகு 5 கிலோமீட்டர் ஆழ்மணல். வெளியே தங்கியவர் வந்து சேரும்போது மணற்குன்றின் நிழல் பாதி கரைந்திருக்கும், மணல் சூடேறத் தொடங்கியிருக்கும். எடோஷாவிலும் இதே கதைதான். தெற்கே ஆண்டர்சன் வாசலிலிருந்து ஒகாகுவேயோ முகாம் 17 கிலோமீட்டர். வெளியே தங்குபவர் விடியற்காலையில் வாசலில் வரிசையில் நிற்பார், மாலையில் சூரியன் மறைவதற்குள் வெளியேறியாக வேண்டும். முகாமின் விளக்கொளிக் குட்டைக்கு ராத்திரி வரும் கருப்புக் காண்டாமிருகம் அவர் கணக்கிலேயே இல்லை.

ஆகவே பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் எழுத்தாகவே கேட்டு வாங்குங்கள்: செஸ்ரீமில் முகாமின் பெயர் என்ன? எடோஷாவுக்கு உள்ளே எத்தனை இரவு? இரண்டுக்குக் குறைந்தால் அந்தப் பயணத்தை விட்டுவிடுங்கள். கடைசி 5 கிலோமீட்டர் மணலுக்கு நான்கு சக்கர இயக்க வண்டிக் கட்டணம் சேர்ந்ததா, தனியா? பெரிய லாரி அந்த மணலில் போகாது. எடோஷாவில் விலங்கு பார்ப்பது லாரியிலிருந்தா, திறந்த ஜீப்பிலா? லாரியைக் கேவலமாக நினைக்காதீர்கள், உயரத்திலிருந்து பார்ப்பதால் புதருக்குப் பின்னால் படுத்திருப்பதும் தெரியும். எத்தனை பேர், சமையல்காரர் தனியாக வருகிறாரா, சாப்பாட்டுக்கென்று அங்கே போய் எல்லோரும் சேர்ந்து போடும் பொதுப்பணம் கட்ட வேண்டுமா என்பதையும் கேளுங்கள். 'பங்கேற்புப் பயணம்' என்று எழுதியிருந்தால் கூடாரம் கட்டுவது, காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் முறைவைத்து உங்கள் தலையில்தான்.

எப்போது போவது

விலங்குக்காக என்றால் ஜூன் முதல் அக்டோபர் வரை. மழை இல்லாததால் காட்டில் தேங்கிய தண்ணீர் வற்றி, விலங்குகள் நிரந்தரக் குட்டைகளுக்கு வந்தே தீர வேண்டும். ஜூலையில் பகல் இதமாக இருந்தாலும் பாலைவன ராத்திரி உறைநிலையைத் தொடும். அக்டோபரில் எடோஷாவில் கூட்டம் கூட்டமாக யானை பார்க்கலாம், ஆனால் வெயில் 40 டிகிரியை நெருங்கும். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் எங்கள் தேர்வு. ஜனவரி முதல் மார்ச் வரை மழை. பறவைகளுக்கும் குட்டிகளுக்கும் நல்ல காலம், சிங்கம் தேடுகிறவருக்குப் பொறுமை வேண்டும்.

என்ன எடுத்துப் போவது

லாரியின் லாக்கர் சிறியது. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதற்குள் நுழையாது. துணிப்பையாக எடுத்துக்கொள்ளுங்கள், எடை 15 கிலோவுக்குள் இருக்கட்டும். கூடாரமும் மெத்தையும் பெரும்பாலும் அவர்கள் தருவார்கள், ஸ்லீப்பிங் பேக் நீங்கள் கொண்டுபோக வேண்டும். குளிர்காலத்துக்கு 0 டிகிரி தாங்குவதாகப் பாருங்கள். நம் ஊர் மலைவாசத்தலத்துக்கு வாங்கிய மெல்லியது போதாது. தலையில் மாட்டும் டார்ச், 8x42 பைனாகுலர், கம்பளித் தொப்பி, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், மூக்கை மூட ஒரு துண்டு. கேமராவுக்கும் போனுக்கும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை அவசியம். அந்த ஊர்த் தூசி மாவுபோல் நுண்ணியது, ஓடும் வண்டியில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் போய் உட்காரும்.

பிளக் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி. அங்கே மின்சாரம் 220 வோல்ட். சுவரில் இருப்பது நாம் ஏசிக்கும் கீசருக்கும் போடும் பெரிய மூன்று முள் பிளக் நுழையும் வகை. போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் அதில் நிற்காது. பெரிய பிளக் மாட்டிய சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கொண்டுபோனால் அடாப்டர் தேட வேண்டாம், பக்கத்துக் கூடாரக்காரருக்கும் உதவும்.

சாப்பாடு: ஊரே இறைச்சி ஊர். ராத்திரி விறகுத் தணலில் சுடுவதுதான் வழக்கம். சைவம் என்றால் புக் செய்யும்போதே எழுதிவிடுங்கள், முதல் நாள் சமையல்காரரிடம் நேரிலும் சொல்லுங்கள். மக்காச்சோளக் களி, பூசணி, பீன்ஸ், சோறு கிடைக்கும். ஒரே கம்பிவலையில் எல்லாம் சுடுவார்கள், உங்கள் காய்க்கு அலுமினியத் தாள் கேளுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் ஒவ்வொரு சிறு டப்பா இருந்தால் மூன்றாம் நாள் ராத்திரி அதன் அருமை தெரியும்.

பணம்: நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் சரிக்குச் சரி மதிப்பு. ராண்ட் நமீபியாவில் செல்லும், நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது. ஜோகன்னஸ்பர்க் வழியாகத் திரும்புகிறவர்கள் மிச்சத்தை முதலிலேயே செலவழித்துவிடுங்கள்.

அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் பறக்கிறீர்கள் என்றால், அங்கே நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தால் நமீபியாவில் இறங்கும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும்.

சாலை

ஒரு நாளில் 300 முதல் 450 கிலோமீட்டர் ஓடும், பாதிக்கு மேல் சரளைக்கல் சாலை. சாலையின் மேல் அலை அலையாகச் சிறு வரிகள் எழும்பியிருக்கும். வேகம் கூடினால் டயர் வரியின் உச்சியிலேயே தாவித் தாவிப் போகும், தரையைப் பிடிக்காது. அந்த நிலையில் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தால் வண்டி உருண்டுவிடும். 80-ஐத் தாண்டி ஓட்டுகிற ஓட்டுநரிடம் தயங்காமல் சொல்லுங்கள். சரளைக்கு முன் ஓட்டுநர் இறங்கி டயரில் காற்றைக் குறைத்தால் நேரம் போகிறதே என்று முணுமுணுக்காதீர்கள். காற்று விறைப்பாக இருந்தால் கூர்க்கல் டயரைக் கிழிக்கும். மணலுக்கு ஜீப்புகளில் இன்னும் இறக்கி 1.2 பார் அளவில் வைப்பார்கள், தார்ச்சாலை வந்ததும் மறக்காமல் ஏற்ற வேண்டும்.

எதிரே வண்டி தெரிந்தால் ஜன்னலை உடனே மூடுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகள்தான் தூக்கிப்போடும். முதுகுவலி உள்ளவர் முதல் நாளே சொல்லி நடு வரிசை வாங்குங்கள், மற்றவர்கள் தினம் இடம் மாறி உட்காருவது மரியாதை. பொழுது சாய்ந்தபின் ஓட்டும் திட்டம் எதையும் ஏற்காதீர்கள், 'குடு' என்ற பெரிய மான் வேலியைத் தாண்டி வண்டியின் முன் குதிக்கும்.

மணற்குன்று

'ட்யூன் 45' செஸ்ரீமிலிருந்து 45-வது கிலோமீட்டரில் சாலையோரமே இருப்பதால் எல்லா வண்டியும் அங்கே நிற்கும், உதயத்துக்கு முன் வரிசையாக மனிதர்கள் ஏறுவார்கள். எங்கள் கருத்தில் அதை விட்டுவிட்டு, செத்த மரங்கள் நிற்கும் வெண்களிமண் தரையான டெட்வ்லேய்க்கு நேரே போவதே மேல். காரணம் வெளிச்சம். காலையில் அந்த வெண்களிமண் தரை குன்றின் நிழலில் இருக்கும், பின்னால் உள்ள மணல் மட்டும் செக்கச்சிவந்து எரியும், நடுவே கரிக்கட்டைபோல் மரங்கள். வெயில் தரைக்கு இறங்கியதும் எல்லாம் வெளுத்துவிடும். ட்யூன் 45-ல் இறங்கி ஏறியவர்களுக்கு இது பெரும்பாலும் தவறிவிடும். அந்த மரங்கள் செத்து 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மக்கிப்போக ஈரமே இல்லாததால் அப்படியே நிற்கின்றன. சாய்வதோ ஏறுவதோ கூடாது. வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம் மணலில் நடை.

தெம்புள்ளவர்கள் பக்கத்திலுள்ள 'பிக் டாடி'யில் ஏறலாம், சுமார் 325 மீட்டர். சரிவில் நேராக ஏறாதீர்கள், இரண்டடி வைத்தால் ஓரடி வழுக்கும். முகட்டின் மேலேயே, முன்னால் போனவரின் காலடிக் குழியில் கால் வைத்து ஏறுங்கள், அங்கே மணல் இறுகியிருக்கும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இறங்கும்போது டெட்வ்லேய் பக்கத்துச் செங்குத்துச் சரிவில் குதிகாலை ஊன்றி ஓடினால் சில நிமிடத்தில் கீழே. தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். செருப்பு வேண்டாம், பத்து மணிக்கு மேல் மணல் பாதத்தைச் சுடும். காலுறையோடு மூடிய ஷூ போடுங்கள்.

கடற்கரை

ஸ்வாகோப்முண்டில் இறங்கியதும் குளிரும். பெங்குவேலா நீரோட்டம் கடலைக் குளிர்விப்பதால் காலையில் மூடுபனி. துணி துவைக்க, மருந்துக்கடை போக, ஏடிஎம்மில் பணம் எடுக்க இதுதான் இடம், இங்கே விட்டால் வடக்கே கடைகள் குறைவு. வால்விஸ் பே கழிமுகத்தில் பூநாரைகள். கேப் கிராஸ் கடல்நாய் (சீல்) கூட்டத்தில் நாற்றம் குடலைப் பிடுங்கும், அன்று போடும் துணியைத் தனிப்பையில் வையுங்கள்.

எடோஷா

வேகம் 60-க்குள். வேலியிட்ட கழிப்பறை இடங்கள் தவிர எங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. ட்ரோனுக்கு அனுமதி இல்லை.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, குட்டைக்குக் குட்டை ஓடுவது. நல்ல வழிகாட்டி ஒரு குட்டையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, முக்கால் மணி நேரமாவது காத்திருப்பார். முதலில் வரிக்குதிரைகள் வரும். முன்னால் நிற்பது தண்ணீர் விளிம்பில் காலை வைக்காமல் தயங்கும், பின்னால் உள்ளவை முட்டித் தள்ளும், ஏதோ ஒன்று செருமினால் மொத்தக் கூட்டமும் புழுதி கிளப்பிப் பின்வாங்கும். அந்தத் தயக்கத்தைக் கவனியுங்கள். ஸ்பிரிங்பாக் மான்கள் மேய்வதை நிறுத்தி எல்லாம் ஒரே திசையில் பார்த்தால் பைனாகுலரை அந்தத் திசையில் மர நிழலுக்குத் திருப்புங்கள், சிங்கம் பகலில் அங்கேதான் படுத்திருக்கும். யானைக் கூட்டம் வெயில் ஏறியபின் வரும், வந்தால் மற்றவை ஒதுங்கிவிடும். எருமையும் நீர்யானையும் எடோஷாவில் இல்லை, வழிகாட்டியைக் கேட்டுத் தொல்லை செய்ய வேண்டாம்.

ராத்திரி ஒகாகுவேயோ குட்டையில் ஒன்பது மணிக்கு எழுந்து போய்விடாதீர்கள். கூட்டம் கலைந்தபின் காண்டாமிருகம் வருவது அதிகம். பேச்சு, டார்ச், பிளாஷ் மூன்றும் வேண்டாம். கேமராவைச் சுவர்மேல் ஒரு சட்டையைச் சுருட்டி வைத்து அதன்மேல் வையுங்கள்.

ஷூவைக் கூடாரத்துக்கு வெளியே விட்டால் நரி தூக்கிப்போகும். உள்ளே வைத்தாலும் காலையில் உதறிப் போடுங்கள், தேள் இருக்கலாம். குப்பைத் தொட்டியை உருட்டும் ஹனி பேட்ஜர் பார்க்கச் சின்னதாக இருந்தாலும் முரட்டுப் பிராணி, விரட்டப் போகாதீர்கள்.

திரும்பும் வழியில் கோமாரி நோய்த் தடுப்பு வேலியில் சோதனை உண்டு. பச்சை இறைச்சியைத் தெற்கே கொண்டுபோக விடமாட்டார்கள், சமையல் பெட்டியில் மிச்சம் இருந்தால் முந்தின நாளே சமைத்துவிடச் சொல்லுங்கள். ஒட்ஜிவாரோங்கோ வழியாகப் போகிறீர்கள் என்றால் அருகிலுள்ள சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு மையத்துக்கு இரண்டு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்துதான் எட்டு சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்தன.

ஒகாகுவேயோவிலிருந்து வின்ட்ஹூக் சுமார் 435 கிலோமீட்டர், விமான நிலையம் நகரைத் தாண்டிக் கிழக்கே இன்னும் 45. அன்று மாலையே விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள், ஒரு டயர் போதும் கெடுக்க. மலேரியா மாத்திரையாக டாக்டர் டாக்ஸிசைக்ளின் கொடுத்திருந்தால் வெயிலில் தோல் சீக்கிரம் எரியும், முழுக்கைச் சட்டை போடுங்கள். ஊர் திரும்பியபின்னும் அதை நான்கு வாரம் தொடர்ந்து சாப்பிட வேண்டும்.