ப்ரோக்கா, ப்ரோக்கனா? தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஆங்கில வினையில் இரண்டாம் வடிவமா (‘ப்ரோக்’) மூன்றாவதா (‘ப்ரோக்கன்’) என்று தடுமாறினால், அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். காசிமேட்டு மீனையே எடுத்துக்கொள்வோம். ‘மீன் உறைந்தது’ என்று வினை முடிந்துவிட்டால் இரண்டாம் வடிவம்: ‘தி ஃபிஷ் ஃப்ரோஸ்’. ‘உறைந்த…’ என்று ஒரு பெயருக்காகக் காத்து நின்றால் மூன்றாம் வடிவம்: ‘ஃப்ரோஸன் ஃபிஷ்’. ‘ஓடுகிற’ என்றால் ‘ரன்னிங்’. ‘பட்ட’ வந்தாலோ யோசிக்கவே வேண்டாம், மூன்றாம் வடிவம்தான்: 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம், ‘ஓப்பன்ட் இன் 1856’.

பள்ளியில் படித்த பெயரெச்சம்தான் இது. பெயரைத் தழுவி நிற்கும் ஆங்கில எச்சவினையும் (‘பார்ட்டிசிபிள்’) பெரும்பாலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் அந்தப் பெயரே செயலைச் செய்திருந்தால் இது உதவாது. ‘மீன் வாங்கிய பெண்’ என்பதை ‘பாட் வுமன்’ என்று எழுதிவிடாதீர்கள். விலைக்கு வாங்கப்பட்ட பெண் என்று பொருள் மாறிவிடும்! அங்கே ‘தி வுமன் ஹூ பாட் ஃபிஷ்’ என்றே எழுத வேண்டும். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ துணைவினையாக முன்னால் வந்தால், தமிழில் எப்படி முடிந்தாலும் மூன்றாம் வடிவம்தான்.