டர்பன் பங்க் தொகுப்பு: நிதிக்காக ஒரு கேசட் போடுவது எப்படி

ஒரு ஊரின் பங்க் (வேகமான, முரட்டு ராக் இசை) பேண்டுகளை ஒரே ஆல்பத்தில் சேர்த்து, விற்ற பணத்தை ஒரு பொதுக் காரியத்துக்குக் கொடுக்கும்போது அந்த ஆல்பத்துக்கு இரண்டு வேலை. பணம் திரட்ட வேண்டும். யார், எந்த ஆண்டு, எந்தக் கராஜில் வாசித்தார்கள் என்பதற்குச் சாட்சியாகவும் நிற்க வேண்டும். பெயரும் கணக்கும் முதல் நாளே தாளில் ஏறாவிட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும். அதனால் இங்கே ஒலியைப் பற்றிச் சொல்வதைவிடத் தாளைப் பற்றிச் சொல்வது அதிகம்.

தென்னாப்பிரிக்காவில் இது புதிய வழக்கம் அல்ல. 1980களின் நடுவில் ஷிஃப்டி ரெக்கார்ட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனம், கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்த எண்ட் கான்ஸ்கிரிப்ஷன் கேம்பெய்னோடு சேர்ந்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தது. டர்பனில் வைல்ட் யூத் என்ற பேண்ட் 1979லேயே பங்க் பதிவு செய்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்ற ஜொஹானஸ்பர்க் பேண்டான நேஷனல் வேக்கின் ஆல்பம் 1981இல் வந்தது. இவற்றை இன்றைக்கும் கேட்க முடிகிறதென்றால் யாரோ டேப்பையும் போட்டோவையும் எறியாமல் வைத்திருந்ததால்தான். டர்பனைச் சுற்றிச் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் வாசிக்கிற பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும்.

முதலில் பணம்

பணம் யாருக்குப் போகிறது என்பதைப் பாட்டு கேட்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அந்த அமைப்பிடம் மூன்று கேள்வி: சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு எண் உண்டா, தன் பெயரிலேயே வங்கிக் கணக்கு உண்டா, பணம் கிடைத்ததற்கு எழுத்தில் ரசீது தருவார்களா. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அனுமதி பெற்ற அமைப்பு என்றாலும், கேசட் வாங்குகிறவருக்கு வரிச் சலுகைச் சான்றிதழ் கிடைக்காது. அவர் பொருள் வாங்குகிறார். அது நன்கொடை ஆகாது. மேசையில் நிற்கிறவர் தெரியாமல் வாக்குக் கொடுத்துவிடாதபடி இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

'செலவு போக மீதி' என்ற வார்த்தையில்தான் பல தொகுப்புகள் மூழ்குகின்றன. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 100 கேசட், ஒன்றுக்கு அடக்கம் 60 ரேண்ட், மொத்தம் 6,000. விலை 120. இருபது பேண்டுக்கும் தலா 2 பிரதி இலவசம், காப்பகங்களுக்கு 5 என்றால் விற்க மிஞ்சுவது 55. அத்தனையும் விற்றாலும் வருவது 6,600. நன்கொடை வெறும் 600 ரேண்ட். இலவசத்தை பேண்டுக்கு ஒன்றாகக் குறைத்து, கூடுதல் பிரதி வேண்டுகிறவருக்கு அதே 120க்குக் கொடுத்தால் விற்பனைக்கு 75, வரவு 9,000, நன்கொடை 3,000. முன்கூட்டியே ஒரு ஷோ நடத்தி அந்த 6,000ஐத் திரட்டிவிட்டால் 9,000மும் முழுசாகப் போய்ச் சேரும். மூன்றாவது வழிதான் சரி. அப்போது அட்டையிலேயே 'விற்பனைத் தொகை முழுவதும்' என்று அச்சடிக்கலாம், கேட்பவருக்கும் சந்தேகம் வராது.

ஷோ தேதியைப் பார்த்து வையுங்கள். தைப்பூசக் காவடி வாரங்களில் கோயில் மண்டபம் கிடைக்காது. புரட்டாசியில் மண்டபம் கிடைத்தாலும் வீட்டில் விரதம். பாதிப் பேர் வரமாட்டார்கள், சாப்பாட்டு மேசையில் பீன்ஸ் பன்னியும் (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) உருளைக்கிழங்கும் மட்டும்தான் ஓடும். மண்டபம் எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று சாவி வைத்திருக்கும் அண்ணனிடமே கேளுங்கள். கமிட்டி சொல்லும் நேரமும் அவர் சொல்லும் நேரமும் ஒன்றாக இருக்காது.

பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் போடாதீர்கள். வங்கிகளில் ஸ்டோக்வெல் (சேர்ந்து சேமிக்கும் குழு), கிளப் கணக்குகள் உண்டு. இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் பேண்டில் இருப்பவர், மற்றவர் எந்த பேண்டிலும் இல்லாதவர் என்றால் பின்னால் மனத்தாங்கல் வராது.

ஒரு பக்க ஒப்பந்தம்

தென்னாப்பிரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண். அதன்படி உரிமையை முழுசாக மாற்றிக் கொடுக்கவும், ஒருவருக்கு மட்டும் என்று கொடுக்கவும் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். நமக்கு அந்த இரண்டும் தேவையில்லை. 'இந்தத் தொகுப்பில் மட்டும் பயன்படுத்தலாம், பாட்டு உங்களுடையதே' என்ற பொது அனுமதி போதும். அது வாய்ச்சொல்லாலும் செல்லும் என்றாலும் எழுதியே வாங்குங்கள். பேண்டுகள் உடைந்து போகும். ஐந்து வருடம் கழித்து டிரம்மர் ஒன்று சொல்வார், பாடகர் வேறொன்று சொல்வார்.

தாளில் இருக்க வேண்டியவை: பாட்டின் பெயர், எழுதியவர்கள் அத்தனை பேர், எந்த வடிவங்களுக்கு அனுமதி (கேசட், சிடி, டவுன்லோடு), எத்தனை பிரதி வரை, மறு அச்சு உண்டா, பணம் எங்கே போகிறது, கணக்கு எப்போது காட்டப்படும். ஸ்ட்ரீமிங்கைத் தனியாகக் கேளுங்கள். பலர் கேசட்டுக்குச் சரி என்பார்கள், அதற்கு மாட்டேன் என்பார்கள்.

பதிவு செய்தவரின் கையெழுத்தும் வேண்டும். இதைத்தான் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்டுடியோவுக்கு பேண்ட் காசு கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் ஒலிப்பதிவு உரிமை பேண்டுக்கு. ஒரு நண்பர் தானே ஏற்பாடு செய்து சும்மா பதிவு செய்து கொடுத்திருந்தால் உரிமை அவருடையது என்று வாதிட இடம் உண்டு. ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினால் தீர்ந்தது.

பிறர் பாட்டை வாசித்த பதிவு வேண்டாம். அதற்கு, பாட்டை நகலெடுக்கும் உரிமையைக் கவனிக்கும் அமைப்பான கபாஸோவிடம் பிரதி உரிமம் எடுக்க வேண்டும். காசும் நேரமும் போகும். சாம்ரோவிலோ (பாட்டு பொதுவில் ஒலிக்கும் உரிமையைக் கவனிக்கும் அமைப்பு) கபாஸோவிலோ உறுப்பினராக இருக்கும் பாடலாசிரியர் யார் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் தங்கள் உரிமையில் ஒரு பங்கை அங்கே ஒப்படைத்திருப்பார்கள். சொந்தப் பாட்டாக இருந்தாலும் அவர்கள் மட்டும் சம்மதிப்பது போதாமல் போகலாம்.

பாட்டுகளைச் சேர்ப்பது

சி-60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். ஒரு பக்கம் 29ஐத் தாண்ட விடாதீர்கள். இருபது பேண்ட், தலா இரண்டரை நிமிடம் என்றால் 50 நிமிடம். இடைவெளிகளோடு வசதியாக அடங்கும். ஏ பக்கம் பி பக்கத்தைவிடச் சற்று நீளமாக இருக்கட்டும். பி நீளமானால் ஏ முடிந்த பிறகு கேட்பவர் வெறும் டேப் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஃபைல் கேட்கும்போது 24 பிட் வேவ், மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்யாத மிக்ஸ் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வந்த எம்பி3 கிடைக்கும். உண்மையான கெடுவுக்கு மூன்று வாரம் முந்தைய தேதியை அறிவியுங்கள்.

பதிவே இல்லாத பேண்டுகளும் இருக்கும், அவற்றை விட்டுவிட்டால் ஊரின் கதை பாதிதான். அவர்களை ஷோவில் பதிவு செய்யுங்கள். சின்ன மண்டபத்தில் மிக்சிங் டெஸ்கிலிருந்து மட்டும் எடுத்தால் குரல் மட்டும் கேட்கும். டிரம்ஸும் கிடார் ஆம்ப்பும் தாமாகவே சத்தம் போடுவதால் டெஸ்க் வழியாக அதிகம் போவதில்லை. நான்கு தட ரெக்கார்டரில் இரண்டு தடம் டெஸ்குக்கு, இரண்டு தடம் மண்டபத்தில் வைத்த மைக்குகளுக்கு. உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும்; மூன்றாம் பாட்டுக்குள் எல்லோரும் ஆம்ப்பைக் கூட்டிவிடுவார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மைக் மேடையிலிருந்து 10 மீட்டரில் இருந்தால் ஏறக்குறைய 29 மில்லிசெகண்ட் பிந்தி வரும். டெஸ்க் தடத்தை அந்த அளவு பின்தள்ளினால் குரல் இரட்டையாகக் கேட்காது.

பழைய டெமோ கேசட் கிடைத்தால் முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகலாம் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். டர்பன் ஈரப்பதத்தில் டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தாலே தெரியும். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும். தனியே எடுத்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல டேப் என்றால் ஹெட்டைத் துடைத்து, ஒலி மழுங்கியிருந்தால் ஹெட்டின் சாய்வை மாற்றும் அசிமத் திருகை மெல்லத் திருப்பி உச்ச ஸ்வரங்கள் தெளியும் இடத்தில் நிறுத்தி, 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையைப் பிரதி ஒன்றில் மட்டும் செய்யுங்கள்.

மாஸ்டரிங்கில் எல்லாப் பாட்டையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டாம். கராஜ் கராஜாகவே ஒலிக்கட்டும். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கேட்பவர் வால்யூம் குமிழைத் தொட வேண்டியிராதபடி குரலின் அளவை ஒத்துவைத்தால் போதும். சாதாரண டைப் 1 டேப்பில் முதலில் உடைவது டிரம்ஸின் சிம்பல் ஒலி. ஆகவே மேல் அலைவரிசையைச் சற்றுத் தணித்து, ஒரு பிரதி எடுத்து, மலிவான பிளேயரில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நகல் எடுப்பது

நான்கு டெக், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம், 100 கேசட்டுக்கு 25 சுற்று. மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு வார இறுதி. பத்து கேசட்டுக்கு ஒருமுறை ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ரப்பர் ரோலரில் அது படக்கூடாது, காய்ந்து வெடிக்கும். ரோலருக்கு ஈரத் துணி போதும். நடுவில் மின்சாரம் போனால் அந்தச் சுற்றின் நான்கும் வீண், திரும்ப முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கேசட்டின் இரு பக்கக் கடைசி நிமிடத்தையும் கேளுங்கள். பழுது அநேகமாக அங்கேதான் ஒளிந்திருக்கும். முடிந்தவற்றைக் காரில் விடாதீர்கள். ஜனவரி வெயிலில் ஓடு வளையும்.

அட்டை: உயரம் 101.6, முன்பக்கம் 65, முதுகு 12.7, பின்மடிப்பு 16 மில்லிமீட்டர். பெட்டிகள் சற்று மாறும், வாங்கியதை அளந்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

சிறு புத்தகம்

ஆல்பத்தின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. ஏ5 அளவில் 24 பக்கம் என்றால் ஆறு ஏ4 தாள், இரண்டு ஸ்டேப்பிள். பேண்டுக்கு ஒரு பக்கம்: ஆட்கள், யார் எதை வாசித்தார், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தப் பகுதி, பதிவான இடம், தேதி, பதிவு செய்தவர். மீதி நான்கில் ஒன்று கணக்குக்கு, மற்றவை ஷோ நடந்த இடங்களின் பட்டியலுக்கும் போஸ்டர்களுக்கும். யாருடைய பெயரையும் நீங்களாக எழுதாதீர்கள். கவுண்டர், மூடலி, பிள்ளை, படையாச்சி என்று தமிழில் எப்படி எழுதுவது என்பதை அந்தந்த வீட்டில் கேளுங்கள். ஆயாவோ தாத்தாவோ கையெழுத்தாக எழுதித் தந்தால் அதையே ஸ்கேன் செய்து போடலாம். 18 வயதுக்குக் கீழான பிள்ளைகள் படத்தில் தெரிந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பழைய போஸ்டரில் உள்ள வீட்டு போன் எண்களை மறையுங்கள்.

போஸ்டர்களில் கிழமையும் தேதியும் இருக்கும், ஆண்டு இருக்காது. காலண்டர் அதைக் கண்டுபிடித்துத் தரும். மார்ச் 14 சனிக்கிழமை என்றிருந்தால், 1980 முதல் 2020 வரை 1981, 1987, 1992, 1998, 2009, 2015, 2020 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். போஸ்டரில் உள்ள மற்ற பேண்டுகளின் காலத்தோடு ஒப்பிட்டால் அநேகமாக ஒரே ஆண்டு மிஞ்சும். அப்படியும் தீராவிட்டால் சாத்தியமான ஆண்டுகளை அச்சிடுங்கள். ஊகித்த ஆண்டை உறுதியானதாகப் போட்டால் பின்னால் எழுதுகிறவர்கள் எல்லோரும் அதையே நகலெடுப்பார்கள்.

தமிழ் வரிகள் இருக்கும் பாட்டென்றால் அச்சில் கவனம். பழைய லேஅவுட் மென்பொருளில் கொம்பு இடம் மாறி 'கொ' சிதறும். இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசரை இயக்கி, பிடிஎஃப்பில் எழுத்துரு பதிந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாள் மாதிரி எடுத்துத் தமிழ் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அச்சகத்தில் பிழையைப் பார்க்க ஆள் இருக்காது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து பங்க் அட்டைக்கு அழகுதான். ஆனால் ஜெராக்ஸில் மை பரவி 'ண', 'ன' சுழிகள் அடைத்துப் போகும். அப்படிச் செய்தால் 11 புள்ளிக்குக் குறையாத தடித்த எழுத்து வையுங்கள்.

விற்பனையும் காப்பகமும்

இசை விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், பொருள் விற்பனையில் 10 சதவீதம் எடுக்கும். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அட்டைப் படம் குறைந்தது 1400க்கு 1400 பிக்சல். பணம் பேபால் வழியாக வரும், இங்கே அதை எடுக்க எஃப்என்பி வங்கி வழி வேண்டும். அந்த ஏற்பாட்டை வெளியீட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பேண்டின் பெயரைத் தனியாக நிரப்ப மறக்காதீர்கள். ஏற்கெனவே வெளியான பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி எண் (ஒலிப்பதிவின் அடையாள எண்) இருந்தால் புதிது வாங்காமல் அதையே போடுங்கள்.

காப்பகப் பிரதிகளை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் மிஞ்சாது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியீடுகளை ஒப்படைக்கும் கடமை உண்டு: ஒலிப்பதிவுக்குப் பிரிட்டோரியாவில் தேசியத் திரைப்பட, வீடியோ, ஒலிக் காப்பகம், புத்தகத்தை ஏற்கும் நூலகங்களில் ஒன்று பீட்டர்மாரிட்ஸ்பர்கின் முசுண்டுசி நூலகம். வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்கும் ஒன்று கொடுங்கள். இந்திய வம்சாவளியினரின் தாள்களைத் தேடி வருகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். கேசட்டோடு மாஸ்டர் ஃபைல், கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின் ஸ்கேன், 600 டிபிஐயில் எடுத்த போஸ்டர்கள் இவற்றை ஒரே ஃபோல்டராக இரண்டு டிஸ்கில் வைத்து, இரண்டு வீட்டில் பாதுகாக்க வேண்டும். ஒன்று கடலோரத்தில் இருந்தால் மற்றது உள்நாட்டில் இருக்கட்டும்.

வெளியீட்டிலிருந்து 90 நாளில் கணக்கை எல்லா பேண்டுக்கும் அனுப்புங்கள்: அச்சிட்டது, விற்றது, இலவசம், பழுது, கையிருப்பு, அனுப்பிய தொகை, அமைப்பு தந்த ரசீதின் படம். கையிருப்பு இருந்தால் அதை யார் வைத்திருக்கிறார் என்ற பெயரும் அந்தத் தாளில் வர வேண்டும்.