கவுட் வலி: எனக்குக் கை கொடுத்தவை
கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை நுனி பட்டாலே உயிர் போகும், கவுட் (ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் மூட்டுவாதம்) வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதலில் பலன் தந்தது பீரை நிறுத்தியதுதான், அப்புறம் ஈரலையும் மத்தி, நெத்திலி மீன்களையும் விட்டேன். பலர் கவனிக்காதது குளிர்பானம்: அதிலுள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை நம் ஈரலில் உடையும்போதே யூரிக் அமிலம் உருவாகிறது, மது தொடாதவர்களுக்கும் இதனால் வரலாம். பருப்பு, கீரையில் யூரிக் அமிலமாக மாறும் ப்யூரின் இருந்தாலும் அவை கவுட்டைக் கூட்டுவதில்லை, அதனால் தாராளமாகச் சாப்பிடுகிறேன். எடையை மெதுவாகத்தான் குறைத்தேன், பட்டினி கிடந்தால் யூரிக் அமிலம் ஏறிவிடும். ஆனால் சாப்பாடு மட்டும் போதவில்லை. டாக்டர் தந்த, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையும் சேர்ந்த பிறகுதான் ரத்தத்தில் அதன் அளவு டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியது. வலி இல்லையே என்று மாத்திரையை நானாக நிறுத்துவதில்லை.