பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: விபத்து வழக்கு, நஷ்டஈடு, வீட்டுக்கு வரும் சம்மன்

தமிழ்நாட்டு எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் சாலையும் வண்டியும் அதேதான். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் அங்கே எழுதுகிற மொழியும்தான் வேறு. பொம்மனஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, மாரத்தஹள்ளிப் பக்கம் வேலைக்கு வருகிறவர்களில் பலர் ஊரிலிருந்தே பைக்கைக் கொண்டுவருகிறார்கள். டி.என். நம்பர் பிளேட், ஊர் முகவரியில் ஆர்.சி., ஊர் முகவரியிலேயே லைசென்ஸும் ஆதாரும். விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால், அடிபட்டது நீங்களானாலும் சரி, இடித்தது உங்கள் வண்டியானாலும் சரி, அந்த முகவரியும் அன்றைக்கு எழுதப்படும் ஒவ்வொரு காகிதமும்தான் பின்னால் வழக்கைத் தீர்மானிக்கும்.

முதலில் அடிபட்டவர் பக்கம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, கூட வந்த நண்பர்கள் போலீஸ் அலைச்சலுக்குப் பயந்து, "வண்டி ஸ்லிப் ஆகி அவரே விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவதுண்டு. கன்னடம் தெரியாத பதற்றத்தில், டாக்டர் கேட்டது புரியாமலே தலையாட்டுவதும் உண்டு. கேஸ் ஷீட்டில் "தானாக விழுந்தவர்" என்று ஒரு வரி ஏறிவிட்டால் அவ்வளவுதான். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்து வைப்பது அந்த வரியைத்தான். எனவே எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்பதை நடந்தபடியே சொல்லுங்கள். மருத்துவ-சட்ட வழக்காக, அதாவது எம்.எல்.சி. என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். பௌரிங், விக்டோரியா, ஜெயநகரிலுள்ள சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவமனை போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் மட்டுமல்ல, தனியாரிலும் இதைச் செய்யவேண்டும். தூக்கிக்கொண்டு வந்தவரின் பெயர், விவரம் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. அந்தப் பாதுகாப்பு சட்டத்திலேயே இருக்கிறது. 2025 மே மாதம் முதல் சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, ஏழு நாளுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை என்ற மத்திய அரசுத் திட்டமும் வந்திருக்கிறது. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியா என்று சேர்க்கும்போதே கேளுங்கள்.

பெங்களூரில் விபத்துப் புகாரைப் பொதுவாக டிராஃபிக் போலீஸ் ஸ்டேஷனில்தான் பதிவார்கள். பக்கத்திலுள்ள சாதாரண ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருந்து நேரத்தை விடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். கன்னடத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அதைப் படித்துக் காட்டவேண்டியது அவர்கள் கடமை, நகலை இலவசமாகக் கொடுக்கவேண்டியதும் கடமை. கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்; அறை நண்பரோ, ஹவுஸ் ஓனரோ, யாராவது. விபத்து நடந்த இடம், இடித்த வண்டியின் நம்பர் இரண்டும் சரியாக இருக்கிறதா என்று அவரை விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவேண்டியதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போடவேண்டும் என்றில்லை. நீங்கள் வசிக்கும் இடத்திலும் போடலாம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடத்திலும் போடலாம். சில்க் போர்டில் அடிபட்ட தருமபுரிக்காரர் தருமபுரியிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊரில் இதன் பெயர் எம்.சி.ஓ.பி.; இங்கே எம்.வி.சி. பெங்களூரில் ஸ்மால் காசஸ் கோர்ட்டே விபத்துத் தீர்ப்பாயமாகவும் நடக்கிறது. வைத்தியம் பார்த்த டாக்டர் சாட்சி சொல்ல வரவேண்டியிருக்கும் என்பதால், இங்கேயே வேலையைத் தொடர்கிறவர் இங்கே போடுவது நல்லது. கால் சரியாகாமல் ஊர் திரும்புகிறவர் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வரவேண்டாம், அங்கேயே போடட்டும். எங்கே போட்டாலும் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு உள்ளே போயிருக்கவேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இந்தக் கெடு இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது உண்மைதான். அதை நம்பி மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள்.

மனு போட்டதும் வண்டி ஓனருக்கும் டிரைவருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நோட்டீஸ் போகும். அது அவர்கள் கையில் சேர்ந்தது என்று பதிவானால்தான் வழக்கு அடுத்த கட்டத்துக்கு நகரும். "என் கேஸ் ஒரு வருஷமா அப்படியே கிடக்கு" என்று சொல்பவர்களை விசாரித்தால், பெரும்பாலும் ஓனர் வீடு மாறியிருப்பார், நோட்டீஸ் திரும்பி வந்திருக்கும். ஊரில் பேட்டா என்று சொல்வோமே, நோட்டீஸ் அனுப்புவதற்கான அந்தக் கட்டணம் கட்டியாயிற்றா, தபால் என்ன குறிப்போடு திரும்பியது என்று உங்கள் வக்கீலிடம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கேளுங்கள். ஆள் கிடைக்கவே இல்லையென்றால் வீட்டுக் கதவில் ஒட்டவும் நாளிதழில் விளம்பரம் கொடுக்கவும் அனுமதி கேட்கலாம். வேறு மாநில முகவரி என்றால் அந்த ஊர் கோர்ட் வழியாகப் போகும், நாள் கூடும். 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் ஆப்பில் அடுத்த தேதியை நீங்களே பார்க்கலாம்.

இனி, உங்கள் வண்டி இடித்திருந்தால். நோட்டீஸ் ஆர்.சி.யில் உள்ள ஊர் முகவரிக்குப் போகும். அங்கே அப்பாவோ அம்மாவோ, "பையன் இங்க இல்ல, நாங்க வாங்க மாட்டோம்" என்று கோர்ட் அமீனாவைத் திருப்பி அனுப்புவார்கள். பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் வாங்க மறுத்த தபாலை, வாங்கியதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் இல்லாமலே வழக்கு நடக்கும், எக்ஸ்பார்ட்டி என்று எழுதுவார்கள். லைசென்ஸைக் காட்ட யாரும் இல்லாதபோது, "டிரைவருக்கு லைசென்ஸே இல்லை" என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடும். அந்த வாதம் எடுபட்டுவிட்டால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடம் திரும்ப வசூலிக்கட்டும் என்று உத்தரவு வரும். முறையான லைசென்ஸும் உயிரோடு இருக்கும் பாலிசியும் கையில் வைத்திருந்தும், ஒரு கவரை வாங்காததால் பல லட்ச ரூபாய் தலைமேல் வந்து விழுவது எவ்வளவு பெரிய கொடுமை! வீட்டில் இன்றைக்கே சொல்லி வையுங்கள்: கோர்ட்டிலிருந்து எது வந்தாலும் வாங்கி வையுங்கள், எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், வாங்குவதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. எக்ஸ்பார்ட்டி உத்தரவு வந்தேவிட்டால் 30 நாளுக்குள் அதை நீக்கக் கோரலாம். நோட்டீஸ் முறையாகச் சேரவில்லை என்றால் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

வருகிற காகிதம் எது என்றும் பாருங்கள். வக்கீல் நோட்டீஸில் வழக்கு எண் இருக்காது. தீர்ப்பாய நோட்டீஸில் எம்.வி.சி. எண்ணும் ஆஜராகும் தேதியும் கோர்ட் முத்திரையும் இருக்கும். டிரைவர் மேல் போலீஸ் போட்ட கிரிமினல் வழக்கின் சம்மன் தனி. அதில் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் முடிந்தது என்று கோர்ட் வாசலில் சிலர் சொல்வார்கள்; அந்தத் தீர்ப்பின் நகல் நஷ்டஈட்டு வழக்கிலும் தாக்கலாகும். வக்கீலிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஊரை விட்டு வரும்போது பழைய பைக்கை விற்றுவிட்டு வந்தவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஆர்.சி. மாறாதவரை சட்டத்தின் கண்ணில் ஓனர் நீங்கள்தான். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கியவர் எங்கோ இடித்தால் நோட்டீஸ் உங்களுக்கு வரும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதில் வதந்திகள் அதிகம். 32 வயதில் மாதம் 20,000 ரூபாய் சொந்தத் தொழிலில் சம்பாதிக்கிறவர், காலில் நிரந்தர ஊனம், வேலைத்திறனில் 15 சதவீத இழப்பு என்று கோர்ட் முடிவு செய்கிறது என்று வையுங்கள். நாற்பதுக்குக் கீழ் என்பதால் வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேர்ந்து மாதம் 28,000. வருடத்துக்கு 3,36,000. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கும் எண் 16. அதில் 15 சதவீதம் எடுத்தால் 8,06,400 ரூபாய். இதற்கு மேல் வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, மனு போட்ட நாளிலிருந்து வட்டி. டாக்டர் காலுக்கு என்று எழுதும் சதவீதம் அப்படியே வராது. முழு உடலுக்கும், செய்கிற வேலைக்கும் பொருத்திப் பார்ப்பார்கள். ஒரே ஊனம் டெலிவரி வேலை செய்கிறவருக்கு ஒரு கணக்கு, உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு வேறு கணக்கு.

இதில் எல்லாமே அந்த 20,000-ஐ நிரூபிப்பதில் இருக்கிறது. கையில் காசாகச் சம்பளம் வாங்குகிறவருக்குக் கோர்ட் தானே ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவு. இந்த மாதத்திலிருந்தே வருமானத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். டெலிவரி ஆப்பின் வாராந்தரக் கணக்கைச் சேமித்து வையுங்கள். மருந்து பில், ஆட்டோ செலவு வரை ஒரு கவரில் போடுங்கள்.

இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால் தனித் திட்டம் உண்டு: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர், அந்த பைக்குக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டுமே இருந்தால், அதில் கேட்க முடியாது. முழு பாலிசி வேண்டும்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே விசிட்டிங் கார்டோடு ஆள் வருவார். "பைசா வேண்டாம், வர்றதுல முப்பது பர்சென்ட்" என்பார், வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார். ஜெயித்தால் பங்கு என்று கட்டணம் பேச இந்திய பார் கவுன்சில் விதிகளில் வக்கீல்களுக்கு அனுமதியே இல்லை. கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள், வக்காலத்துத் தவிர வேறெதிலும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணில் கேளுங்கள். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமரசம் பேசி முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அதன்மேல் அப்பீல் கிடையாது. அதனால் மேலே சொன்ன கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டு, எந்தத் தொகைக்குக் கீழே இறங்கமாட்டீர்கள் என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு அந்த மேஜைக்குப் போங்கள்.